முன் பிரேக் பிடிக்கவில்லையா? பழைய வண்டிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் முன் பிரேக் பற்றிக் கேட்டவை இவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, என்னுடையது 1966 ட்ரையம்ஃப் போனவில். எட்டு அங்குல டிரம் பிரேக். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்க மாட்டேன் என்கிறது. டிஸ்க் பிரேக் போட்டுவிடலாமா?

பைன்டவுனுக்கு இறங்கும் அந்த மேட்டில்தான் 2013இல் கட்டுப்பாடு இழந்த லாரி 24 உயிர்களை வாங்கியது. அங்கே சந்தேகத்தோடு இறங்காதே தம்பி.

டிஸ்க் பேச்சு அப்புறம். முதலில் சக்கரத்தைக் கழற்றி லைனிங்கைப் பார், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம் கிண்ணத்துக்குள் விரிந்து உரசும் ஷூக்களின் மேல் ஒட்டிய பட்டையை. என் கைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஐந்து ராண்டு நாணய அகலத்துக்குத்தான் லைனிங் டிரம்மைத் தொட்டிருக்கும். மற்ற இடமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும். டிரம்மை லேத்தில் கடைய வேண்டும், அதுவும் ஸ்போக் கட்டிய சக்கரத்தோடு. ஸ்போக்கை இறுக்கும்போது டிரம் லேசாக முட்டை வடிவத்துக்குப் போய்விடும். தனியாகக் கடைந்து பிறகு ஸ்போக் கட்டினால் செய்த வேலை வீண். அவ்வளவு பெரிய லேத் உள்ள பட்டறையாகத் தேடு. பிறகு புது லைனிங் ஒட்டிய ஷூக்களை அவற்றைத் தாங்கும் தட்டிலேயே மாட்டி, டிரம்மின் அளவுக்குக் கடையச் சொல்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது காசில்லாத ஒரு வேலை உண்டு. அச்சு நட்டைத் தளர்வாக விட்டுச் சக்கரத்தைச் சுற்று, பிரேக்கை அழுத்திப் பிடி, பிடித்தபடியே நட்டை இறுக்கு. ஷூக்கள் தாமாக நடுவில் வந்து உட்காரும். பிரேக் பிடித்த நிலையில் கேபிளும், அது இழுத்து ஷூக்களை விரிக்கும் கேம் கையும் செங்கோணத்தில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றால் ட்வின் லீடிங் ஷூ தட்டைப் பற்றி யோசி. ட்ரையம்ஃப் கம்பெனியே 1968இல் அதற்கு மாறியது. உன்னுடையதில் ஒரு ஷூவைத்தான் சுழலும் டிரம் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்குகிறது, மற்றதைத் தள்ளிவிடுகிறது. ட்வின் லீடிங்கில் இரண்டையுமே இழுத்து இறுக்கும். டிஸ்க் என்றால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் சக்கர நடுவிலுள்ள ஹப்பையும் மாற்றி, லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் பாரத்துக்காகச் செய்த ஃபோர்க் இல்லை அது.

வெருலம்: ட்வின் லீடிங் போட்டேன். நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் மேட்டில் நின்றால் வண்டி பின்னால் உருள்கிறது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. சக்கரம் பின்னால் சுழலும்போது இரண்டு ஷூவையும் டிரம் தள்ளிவிடும். மேட்டில் கால் பிரேக்கைப் பிடி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: 1974 நார்டன் கமாண்டோ. டிஸ்க் இருந்தும் லீவர் மரக்கட்டை மாதிரி இருக்கிறது.

அந்த மாஸ்டர் சிலிண்டரின் துளை ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் அந்த ஒரு காலிப்பருக்கு அது பெரிது. உள்ளே ஸ்லீவ் என்ற சிறு குழாய் போட்டு 13 மில்லிமீட்டராக்கினால் அதே கை பலத்துக்கு அழுத்தம் ஒன்றரை மடங்காகும். பதிலுக்கு லீவர் கொஞ்சம் அதிக தூரம் உள்ளே வரும், பயப்படாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸையும் கையோடு மாற்றுங்கள், அழுத்தினால் அது உப்பும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரைப் பக்கம் கேட்கவே வேண்டாம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

லெனேசியா: டிரம்முக்குள் சாம்பல் மாதிரி தூசி. காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். இங்கே அது 2008இல்தான் தடையானது. அதைச் சுரங்கத்தில் தோண்டிய ப்ரீஸ்கா ஊர்ப் பக்கத்து மக்களின் நுரையீரல் என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி மூடிப் போடுங்கள். காய்ந்த பிரஷும் வேண்டாம்.

டோங்காட்: அப்பா விட்டுப்போன பிஎஸ்ஏ. லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது அண்ணா. டிரம் பிரேக்தான்.

டிரம்மில் பஞ்சு என்றால் முதலில் கேபிள் உறையைச் சந்தேகப்படு தங்கச்சி. உன் அண்ணனையோ தம்பியையோ லீவரை அழுத்தச் சொல், நீ கேபிளைப் பார். வளைவு நெளிந்தால் உறை சுருங்குகிறது என்று பொருள். கனமான புதுக் கேபிளைக் கூர்மையான வளைவு இல்லாமல் போடு. அப்பா காலத்துக் கேபிளை ஞாபகத்துக்கு அலமாரியில் வைத்துக்கொள், வண்டியில் வேண்டாம்.

பீனிக்ஸ்: முன் பிரேக் பிடித்தால் குப்புறக் கவிழ்த்துவிடும், பின் பிரேக்கே போதும் என்கிறார் எங்கள் மாமா.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகிச் சறுக்கும். காலி மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பின் பிரேக்கை மட்டும் பிடி, ஒருமுறை இரண்டையும் சேர்த்து மெதுவாக இறுக்கிப் பிடி. நின்ற இடங்களில் கல் வை. மாமாவையும் கூட்டிக்கொண்டு போ, தூரத்தை அவரே காலால் அளக்கட்டும்.