முட்டை பேக்கில் தண்ணீர் தேங்குகிறதா?

காய்கறி முட்டை பேக் (அடித்த முட்டையில் காய்கறி கலந்து ஓவனில் சுடுவது) பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதி ஒரே புலம்பல்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: தக்காளி, காளான், குடைமிளகாய் போட்டு ஞாயிற்றுக்கிழமை ப்ரன்ச்சுக்கு (காலை, மதிய உணவு இரண்டும் சேர்ந்தது) செய்தேன். வெட்டினால் அடியில் தண்ணீர். முட்டை பழசாக இருக்குமோ? (ராயக்கோட்டை)

முட்டை மேல் பழி போடாதீர்கள். காயைப் பச்சையாகவே போட்டிருக்கிறீர்கள். போன வாரம் வகுப்பில் மூன்று நாட்டுத் தக்காளியை அரிந்து, உப்புத் தூவி, வடிதட்டில் பத்து நிமிடம் வைத்தோம். கீழே கால் டம்ளர் சாறு இறங்கியிருந்தது. அதெல்லாம் ட்ரேயில்தானே இறங்கும்? விதையும் சாறும் உள்ள பகுதியை வழித்து ரசத்துக்கு வைத்துவிட்டு, சதையை மட்டும் போடுங்கள். காளானை மூடி போடாமல் பெரிய தீயில் வதக்க வேண்டும். முதலில் சளசளவென்று நீர் விடும். அது வற்றி, கரண்டியால் இழுத்த தடம் வாணலியில் அப்படியே நிற்கும்போது இறக்கி, ஆறவிட்டு, பிறகு முட்டையில் கலக்குங்கள். தண்ணீரை வற்ற விடுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? (தருமபுரி)

எத்தனை முட்டை, எந்த அளவு பாத்திரம், ஓடிஜியா (சிறிய மின்சார ஓவன்) மைக்ரோவேவா, ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? ஆறு முட்டை, எட்டு அங்குல ட்ரே, பத்து நிமிடம் சூடேற்றிய ஓடிஜி, 180 டிகிரி செல்சியஸ் என்றால் அரை மணி நேரம். கப்கேக் அச்சில் ஊற்றினால் கால் மணி, கொஞ்சம் கூடலாம். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் லேசாக ஆடும்போது அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் நடுவும் முழுக்க வெந்தாக வேண்டும்.

கேள்வி: எடை குறைக்க வேண்டும். பத்து முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் எடுத்து, 200 மில்லி க்ரீமும் 100 கிராம் சீஸும் சேர்த்துச் செய்தேன். ரப்பர் மாதிரி வந்தது. (ஓசூர்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. பத்து மஞ்சள்கருவைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறீர்கள்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மஞ்சள்கருவில் நாலரை கிராம் கொழுப்பு. பத்துக்கும் சேர்த்து 45. நீங்கள் ஊற்றிய க்ரீம் 25 சதவீதக் கொழுப்புள்ளது என்றால் அதிலேயே 50. சீஸில் இன்னொரு 25. ஆக 45 கிராமைக் கொட்டிவிட்டு 75 கிராமைச் சேர்த்திருக்கிறீர்கள். இதில் எங்கே எடை குறையும்?

முட்டையின் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு மஞ்சளில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில்தான். பேக் மெத்தென்று வருவதும் அதனால்தான். வெறும் வெள்ளைக்கரு கொஞ்சம் கூடுதலாக வெந்தாலே விறைத்துவிடும். பல வீடுகளில் ‘டயட்’ என்று சொல்லி நல்ல பண்டத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது.

இப்படிச் செய்யுங்கள்: முழு முட்டை ஆறு, பால் 100 மில்லி, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன், வதக்கிய காய் மூன்று கப், எண்ணெய் இரண்டு டீஸ்பூன். சீஸ் 30 கிராம் போதும். அதைத் துருவி மேலே மட்டும் தூவுங்கள், நாக்கில் முதலில் படுவது அதுதான். நான்கு பங்கு போட்டால் ஆளுக்கு 200 கலோரி வரும். மருத்துவர் மஞ்சள்கருவுக்கு அளவு சொல்லியிருந்தால் மூன்று முழு முட்டையும் ஐந்து வெள்ளைக்கருவும் எடுங்கள். மிஞ்சிய மஞ்சள்கருவை வீட்டில் குழந்தைகளுக்குப் பொரித்துக் கொடுங்கள். உங்கள் பக்கத்துப் பசுமைக்குடில் குடைமிளகாய் இதற்கு அருமையாக இருக்கும். ஆனால் வதக்கி, தண்ணீரை வற்ற விடுங்கள்.

கேள்வி: பேக்குக்கு அடியில் வைக்கும் மாவுத் தட்டுக்கு மைதாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு போடலாமா? (பென்னாகரம்)

தனிக் கேழ்வரகு உதிரும். பாதி கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்து, அந்த அடியை மட்டும் முதலில் பத்து நிமிடம் சுட்டுக்கொள்ளுங்கள். லேசாக வேண்டும் என்றால் அடி மாவே தேவையில்லை.

கேள்வி: முட்டை பச்சை நிறமாக மாறிவிட்டது, கெட்டுப்போனதா? (அரூர்)

கெடவில்லை, கூடுதலாக வெந்திருக்கிறது. அவித்த முட்டையில் மஞ்சளைச் சுற்றி வரும் பச்சை வளையமும் இதேதான். மஞ்சளின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்ந்து வரும் நிறம். கீரை போட்டிருந்தால் அதன் சாறும் இறங்கும். வதக்கி, கையால் பிழிந்து போடுங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை அக்கா. (காவேரிப்பட்டணம்)

அதனால் என்னம்மா? இட்லிப் பானையில் ஆவியில் வேகவை. மூடியிலிருந்து சொட்டும் நீர் விழாமல் டப்பா மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிடு. சிறு தீயில் 20, 25 நிமிடம். மேலே சிவக்கவில்லையே என்று இருந்தால் துண்டு போட்டு, தோசைக்கல்லில் ஒரு புரட்டு புரட்டி எடு.

கேள்வி: முதல் நாள் இரவே கலந்து வைக்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

வதக்கிய காயும் அடித்த முட்டையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் இருக்கட்டும். காலையில் உப்புச் சேர்த்துக் கலக்குங்கள். ட்ரேயிலேயே ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; குளிர்ந்த கண்ணாடி ட்ரேயைச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடலாம், பத்து நிமிடம் வெளியே வைத்த பிறகும் அந்த ஆபத்து உண்டு. காலையில் வெறும் ட்ரேயை எடுத்து ஊற்றுவதே நல்லது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்.