ஸ்விட்ச் காதில் கீழ்த் திருகு மட்டும் ஏறவில்லை

நெட்வொர்க் ஸ்விட்ச்சை ரேக்கில் (கருவிகளை மாட்டும் இரும்புச் சட்டம்) மாட்டும்போது கீழ்த் திருகு ஏறவில்லை, ஸ்விட்ச்சின் காதில் (பக்கவாட்டில் இருக்கும் மாட்டும் தகடு) புது ஓட்டை போடலாமா என்று கேட்கிறீர்கள். காதைத் துளைக்காதீர்கள். ஸ்விட்ச்சை ஒரு ஓட்டை மேலே அல்லது கீழே நகர்த்துங்கள், போதும். மேல் திருகு சரி, கீழ்த் திருகு 3 மி.மீ. தள்ளி நிற்கிறது என்றால் ஸ்விட்ச் இரண்டு யூ-வுக்கு (யூ என்பது ரேக்கில் மூன்று ஓட்டை கொண்ட ஓர் உயர அளவு) நடுவே உட்கார்ந்திருக்கிறது.

ரேக் ஓட்டைகள் சம தூரத்தில் இருக்காது. மையத்துக்கு மையம் 15.9, 15.9, அப்புறம் 12.7 மி.மீ. அந்த நெருக்கமான ஜோடிக்கு நடுவில்தான் யூ எல்லை. டேப் வைத்துப் பாருங்கள். எல்லைக்குக் கீழே முதல் ஓட்டையிலும் மூன்றாவதிலும் கேஜ் நட் (ரேக்கின் சதுர ஓட்டையில் மாட்டும் நட்) போடுங்கள்.

ரேக்கின் இரண்டு பக்கமும் ஓட்டைகளைக் கீழிருந்தே எண்ணுங்கள். புளியரையில் ஒரு கடையில் நான் ஒரு பக்கம் தப்பாக எண்ணி, ஸ்விட்ச் கோணலாக நின்றது.

செங்கோட்டைப் பக்கம் இடி அதிகம் என்கிறீர்கள். ரேக்குக்கு எர்த் கொடுக்காமல் பவர் போட வேண்டாம். ஆனால் எர்த் மட்டும் இடியைத் தடுத்துவிடாது. வெளியே போகும் கேபிளுக்கு கண்ணாடி இழையான ஃபைபர்தான் நல்லது.