பழைய பாலத்தில் துருக்கறை

கேள்வி: எங்கள் ஆற்றுப்பாலத்தின் அடியில் கம்பி நெடுக விரிசல், பழுப்புக் கறை. மேலே பாறைப்பொடி லாரிகள் ஓயவில்லை. சுத்தியல் சோதனையில் பலம் சரி என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: அது மட்டும் போதாது. அந்த ரீபவுண்ட் சுத்தியல், தட்டினால் எகிறும் அளவை வைத்து மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். கார்பனேற்றம் அடைந்த, அதாவது காற்றின் கரியமில வாயு ஊறிக் காரத்தன்மை இழந்த, பழைய கான்கிரீட்டில் பலத்தைக் கூட்டியே காட்டும். கம்பி நெடுக விரிசல் என்றால், உள்ளே துரு பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. புதிதாகப் பெயர்த்த இடத்தில் காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பாகாத பகுதி கம்பிவரை எட்டியிருந்தால் கம்பிக்குக் காப்பு இல்லை. கம்பியின் மின்னழுத்தத்தைக் காட்டும் காப்பர் சல்பேட் ஹாஃப்-செல் அளவு −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பலத்துக்கு, கோர் (உருளைத் துண்டு) வெட்டி நசுக்கிப் பார்ப்பதே நம்பகம். தூணடி மண்ணரிப்பை மறக்கவே கூடாது. வெள்ளம் வடிந்ததும் ஆழம் அளக்க வேண்டும். முடிவு வரும்வரை கனரக லாரிகளைத் திருப்பிவிடக் கலெக்டரிடம் இன்றே மனு கொடுங்கள்.