கைக்குழந்தையோடு பினாங்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதப் பெண் குழந்தை, மாமியார், நாங்கள் இருவர். ஈப்போவிலிருந்து ரயிலில் வந்து, தீவின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனையும் கொடிமலையையும் (பினாங்கு ஹில்) ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? (வாசகி, ஈப்போ)

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பயணம் என்றால் ஜார்ஜ் டவுன்.

நாளைக் கெடுப்பது தூரமல்ல, வெயில். நம் ஊரில் (தீபகற்ப மலேசியாவில்) சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் 1 மணிக்கு மேல்தான். அதனால் 4 மணிக்கும் வெயில் சுள்ளென்று அடிக்கும். 11 மணிக்குள் ஒரு சுற்று, 5 மணிக்கு மேல் ஒரு சுற்று, நடுவில் நிழல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பும் முதல் இ.டி.எஸ். மின்ரயிலில் ஏறுங்கள். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து நிலையம் வழியே நடந்தே ஃபெர்ரிக்குப் போய்விடலாம். 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். கடலைக் கடக்கப் பத்து நிமிடம் போல ஆகும். கரையில் இறங்கியதும் கட்டணமில்லாத ‘கேட்’ பேருந்து கிடைக்கும்.

முதலில் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த கோயில். உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைக் காலையிலேயே முடிப்பது நல்லது. லிட்டில் இந்தியாவில் கேசட் கடை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். தூங்கும் பிள்ளை திடுக்கிட்டு எழுந்தால் அன்றைய தூக்கம் போச்சு. பிறகு ஆர்மேனியன் தெருச் சுவரோவியங்கள். 11 மணி ஆனதும் கொம்தார் கோபுரக் கட்டடத்தின் பக்கம் உள்ள பேரங்காடிக்குள் போய்விடுங்கள். மாமியாருக்கும் கால் ஆறும். அறை எடுக்கப் பணம் இருந்தால் அதைவிட நல்ல செலவு இந்த நாளில் இல்லை. மாலையில் பாடாங் கோத்தா கடற்கரை. அங்கே தரை சமம், காற்றும் வரும்.

கேள்வி: ஸ்ட்ரோலரா, தூளி போலக் கட்டிக்கொள்ளும் கேரியரா? (வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: பழைய நகருக்குள் கேரியர். அஞ்சடியில் (கடைகளின் முன்னே ஓடும் கூரையிட்ட நடைபாதை) போனவர்களுக்குக் காரணம் தெரியும். ஒரு கடை வாசல் உயரம், அடுத்தது பள்ளம், அதற்கடுத்த தூணோரம் மோட்டார் சைக்கிள். இரண்டு கடைக்கு ஒருமுறை வண்டியைத் தெருவில் இறக்கி ஏற்ற வேண்டிவரும். கடல்மேல் கால்நட்டுக் கட்டிய குடியிருப்பான சியூ ஜெட்டியில் நடைபாதை முழுக்கப் பலகை; சிறு சக்கரம் இடுக்கில் மாட்டும்.

கேரியரில் பிள்ளையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை மடங்கும். இரண்டு உடம்புச் சூடும் சேருவதால் அரைமணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஆற விடுங்கள். சூட்டைப் பார்க்கக் கைகாலைத் தொடாதீர்கள், பிடரியைத் தொடுங்கள். பிடரி கொதித்தால் உடனே நிழலுக்குப் போய், துணியைத் தளர்த்தி, பால் கொடுங்கள்.

ஸ்ட்ரோலர்தான் வேண்டும் என்றால் மடிக்கும் சிறு வண்டி போதும். வெயிலுக்குத் துணி போட்டு மூடாதீர்கள். பலர் அக்கறையோடு செய்யும் தவறு இது. காற்று அடைபட்டு உள்ளே வெளியைவிடச் சூடாகிவிடும். கைப்பிடியில் கனமான பையும் மாட்டக்கூடாது. பிள்ளையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கம் சாயும்.

கேள்வி: பாலும் சாப்பாடும் எப்படிக் கொண்டுபோவது? (வாசகி, கிள்ளான்)

பதில்: தாய்ப்பால் கொடுப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை, தானும் தண்ணீர் குடித்தபடி இருந்தால் போதும். பால்பவுடர் என்றால் கலந்து எடுத்துப் போகாதீர்கள், நம் சூட்டில் கிருமி சீக்கிரம் பெருகும். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று தூளை அளந்து வையுங்கள். ஃபிளாஸ்கில் கொதிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். 70 பாகைக்குக் குறையாத நீரில் கலக்கி, புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் கொடுங்கள். பிள்ளை வாய் வைத்த புட்டியில் மீந்ததை ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

எட்டு மாதப் பிள்ளைக்கு வாழைப்பழம் கைகொடுக்கும். நாசி கண்டார் (சோறும் குழம்பும் விற்கும்) கடையில் வெறும் சோறு வாங்கிச் சுடுநீர் விட்டு மசித்துக் கொடுக்கலாம். குழம்பு வேண்டாம், உப்பு அதிகம். ஒரு வயது ஆகும்வரை தேனும் கூடாது.

பாம்பர்ஸ் ஆறு, கூடுதலாக இரண்டு. பிள்ளைக்கு மாற்றுடை இரண்டு. அம்மாவுக்கும் ஒரு சட்டை. இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

கேள்வி: கொடிமலை ரயிலில் பிள்ளைக்குக் காது அடைக்குமா? (வாசகி, பிறை)

பதில்: சில நிமிடங்களில் 700 மீட்டர்போல ஏறுவதால் அடைக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். சளி பிடித்திருந்தால் வேறொரு நாள் போங்கள். வார நாளில், காலையிலேயே போனால் வரிசை குறைவு. மேலே கீழ்ப்பகுதியைவிட 5 பாகை வரை குளிரும் என்பதால் மெல்லிய முழுக்கைச் சட்டை தேவை. மலைமேல் முருகன் கோயிலும் உண்டு.

கேள்வி: பத்து பெரிங்கியில் பிள்ளையைக் கடலில் நனைக்கலாமா? (வாசகர், தைப்பிங்)

பதில்: வேண்டாம். பினாங்குக் கடலில் ஜெல்லிமீன் உண்டு. 5.30-க்கு மேல் ஈர மணலில் உட்கார வைத்து, வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி விளையாட விடுங்கள். பொழுது சாயும்போது கொசு வரும் என்பதால் காலுறை போட்டுவிடுங்கள்.