ஒற்றுப் பிழையைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: போட்டிக்கு எழுதிய சிறுகதை 2,900 சொல் வந்துவிட்டது. வரம்பு 2,000. நான்கு முறை பிழை திருத்தியும் குறையவில்லை. எங்கே வெட்டுவது?

பதில்: முதலில் பிழை பார்ப்பதை நிறுத்துங்கள். ஒற்று (சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப்) போட்டுச் சீராக்கிய பத்தியை வெட்ட மனம் வராது. 900 சொல் குறைய வேண்டுமென்றால் பத்திகள்தான் போக வேண்டும். சொல் சொல்லாகக் கிள்ளினால் அவ்வளவு தேறாது.

கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது கதைக்குப் புதிதாக என்ன தருகிறது என்று ஒரே வரி எழுதுங்கள். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போகலாம். வரியே எழுத வராவிட்டால், அது உங்களுக்குப் பிடித்த வர்ணனையாக இருக்கும், அதுவும் போகட்டும். முதல் பக்கத்தில் விடியல், காபி, பேருந்து என்று கதை தொடங்காமலே ஓடுகிறதா பாருங்கள். முடிந்த கதைக்குப் பொழிப்புரை சொல்லும் கடைசிப் பத்தியையும் வெட்டுங்கள்.

பிறகு வாக்கியங்கள். 'பரிசோதனை செய்தார்' என்பது 'பரிசோதித்தார்' ஆகும். 'அவனால் கதவு திறக்கப்பட்டது' என்பதற்குக் 'கதவைத் திறந்தான்' போதும். வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் பாதி 'அவன்'களை எடுத்துவிடலாம். காட்சியில் இரண்டு ஆண்கள் இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள், யார் அடித்தது யார் அழுதது என்று குழம்பும்.

பாத்திரத்தின் பெயரை மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'முருகன்' என்று தேடினால் 'முருகனை', 'முருகனுக்கு' அகப்படாமல் போகலாம். புள்ளி இல்லாமல் 'முருகன' என்று தேடிப் பாருங்கள். 'குமரன்' ஆக்கினால் முடிவு ஒன்றுபோல இருப்பதால் சிக்கல் குறைவு. 'செல்வம்' ஆக்கினால் 'செல்வத்தை', 'செல்வத்துக்கு' என்று ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் விட்டு, கைபேசியைக் கதையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் தாண்டிப்போகும் சொல் காதில் இடறும்.

ஒற்றுக்குக் கடைசி இடம் தருவதற்குக் காரணம் உண்டு. 'அந்தச் சிவப்புப் பை' என்பதில் நடுச்சொல்லை வெட்டினால் 'அந்தச் பை' என்று நிற்கும். 'அந்தப் பை' என்று மாற்ற வேண்டும். வெட்டிய இடமெல்லாம் இப்படித்தான் ஒற்று பிசகும், அங்கெல்லாம் இரண்டு முறை பாருங்கள்.