கடைக் கணக்கைச் சொல்லத் தயங்க வேண்டாம்

கேள்வி: நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தமிழ்மொழியில் கற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்றேன். பட்டம் முடிந்த கையோடு அப்பாவுக்குப் பாரிசவாதம் ஏற்பட்டதால் இரண்டு ஆண்டுகள் ஊரிலேயே இருக்க நேர்ந்தது. இப்போது வெள்ளவத்தையில் தங்கியிருந்து, கணக்குப் பிரிவு உதவியாளர் பதவிகளுக்கு விண்ணப்பித்து வருகிறேன். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கிறார்கள்; அதற்குப் பின் ஒன்றும் கைகூடுவதில்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் மனப்பாடம் செய்த ஆங்கில வசனங்கள் பாதியில் மறந்துவிடுகின்றன. இடையில் போன இரண்டு ஆண்டுகளைப் பற்றியும் எதிர்பார்க்கும் சம்பளத்தைப் பற்றியும் கேட்டால் தடுமாறுகிறேன். அனுபவம் இல்லை என்பதே பெரிய குறையாக இருக்கிறது. ஊரில் இருந்தபோது மாமாவின் ஹாட்வெயார் கடைக் கணக்கைப் பார்த்து, கடன் கொப்பியை எக்செல்லுக்கு மாற்றிக் கொடுத்தேன். சொந்தக்காரர் கடை என்பதால் அதைச் சுயவிபரக் கோவையில் எழுதவில்லை. அடுத்த மாதம், கட்டடப் பொருட்களை இறக்குமதி செய்து விற்கும் யூனியன் பிளேஸ் நிறுவனம் ஒன்றில் நேர்முகப் பரீட்சை இருக்கிறது. எப்படித் தயாராவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தியை, சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஹாட்வெயார் கடை என்பது பெரும்பாலும் கடனில் ஓடும் வியாபாரம். மேசன்மாரும் ஒப்பந்தக்காரரும் சீமெந்தையும் கம்பியையும் கடனுக்கு எடுத்துச் செல்வார்கள். கடைக்காரர், கொழும்பிலிருந்து பொருள் அனுப்பும் நிறுவனங்களுக்குப் பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்திருப்பார். அந்தத் திகதிக்குள் கடன் வசூலாகாவிட்டால் காசோலை திரும்பி வரும். இந்த நெருக்கடியை இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்து, அதன் கணக்கையும் எழுதிய நீங்கள், இப்போது கட்டடப் பொருள் இறக்குமதி நிறுவனம் ஒன்றுக்குப் போகிறீர்கள். உங்கள் மாமாவின் கடையைப் போன்ற கடைகளே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். அதன் கடன்பட்டோர் பேரேட்டில் இருப்பவை அப்படிப்பட்ட பெயர்களே. நகரத்தில் படித்து நேரே வேலை தேடும் ஒருவருக்கு எளிதில் கிடைக்காத அறிவு இது. இதை மறைத்துவிட்டு அனுபவம் இல்லை என்று நீங்களே சொல்லிக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

நேர்முகப் பரீட்சை நடத்துபவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது பற்றி ஆய்வுகள் நிறைய உண்டு. 1998 ஆம் ஆண்டில் பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹண்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவரும், ஆட்தெரிவு முறைகள் பற்றி 85 ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விண்ணப்பித்த எல்லோரிடமும் வேலையோடு தொடர்புள்ள ஒரே விதமான கேள்விகளைத் திட்டமிட்டுக் கேட்கும் நேர்முகம், அந்தந்த நேரத்தில் தோன்றியதைக் கேட்கும் நேர்முகத்தைவிட ஒருவரின் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பதும், ஒருவர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றவர் என்ற எண்ணிக்கை அந்த அளவுக்கு உதவுவதில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவுகளுள் அடங்கும். 2022 இல் போல் சக்கெட் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்தக் கணிப்புகளை மீண்டும் சரிபார்த்தபோது, திட்டமிட்ட நேர்முகமே முதலிடத்தில் நின்றது. நல்ல நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினர் "முன்பு இப்படி ஒரு பிரச்சினை வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நடந்ததைக் கேட்பதற்கு இதுவே காரணம். அந்தக் கேள்விக்கு மனப்பாடம் உதவாது. உண்மையில் ஒன்றைச் செய்தவருக்கே பதில் இருக்கும், உங்களுக்கு இருக்கிறது.

ஆகவே, ஆயத்தத்தை ஒரு வெற்றுக் கொப்பியில் இருந்து தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி வினாவிடைகளை ஒதுக்கிவிட்டு, கடையில் நடந்தவற்றைத் தமிழிலேயே நினைவுக்கு வரும் ஒழுங்கில் எழுதுங்கள். கடன் கொப்பியில் எத்தனை பேரின் கணக்கு இருந்தது, அவற்றை எக்செல்லுக்கு மாற்றும்போது எங்கெங்கே தொகை பொருந்தாமல் நின்றது, ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்ததா, கொடுத்த பணத்தைப் பதியவில்லை என்று யாராவது வாதிட வந்தார்களா, அப்போது எந்தப் பற்றுச்சீட்டை வைத்து அதைத் தீர்த்தீர்கள், அந்த மாற்றத்துக்குப் பிறகு மாமாவுக்கு எது இலகுவானது என்று ஒவ்வொன்றையும் விபரமாக எழுதுங்கள். தொகைகள் சரியாக நினைவில் இல்லாவிட்டால் ஊருக்குத் தொலைபேசி எடுத்து மாமாவிடமே கேளுங்கள். அந்தக் கோப்பு அவரிடம் இன்னும் இருக்கக்கூடும். எழுதியவற்றில் நான்கைந்து சம்பவங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, நீங்கள் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்ற மூன்றும் தெளிவாக வரும்படி இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். வசனங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். சம்பவம் மனதில் இருந்தால், ஒருமுறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் சொல்ல வரும். அதனால் பாதியில் நின்றுபோகவும் மாட்டீர்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கான விடையும் இதிலிருந்தே பிறக்கும். பிறந்த ஊர், பாடசாலை, பொழுதுபோக்கு என்று வரிசையாக ஒப்புவிப்பதை விட்டு, "நான் வணிகமாணிப் பட்டதாரி, பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் மட்டக்களப்பில் எங்கள் குடும்பத்தாரின் ஹாட்வெயார் கடையில் கடன்பட்டோர் கணக்கையும் வழங்குநர் கணக்கையும் பராமரித்தேன், கொப்பியில் இருந்த கடன் கணக்கை எக்செல்லுக்கு மாற்றி, எந்தக் கடன் எத்தனை நாட்களாக நிலுவையில் இருக்கிறது என்று பார்க்கும்படி செய்தேன், அதே வேலையைப் பெரிய நிறுவனம் ஒன்றில் முறையாகச் செய்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்ற அளவில் சொன்னால் போதும். நிலுவை நாட்களை அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் அந்தப் பகுதியைச் சொல்லாதீர்கள். செய்யாத ஒன்றை ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும், அடுத்த கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்; நீங்கள் செய்தது கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத நல்ல வேலை.

சுயவிபரக் கோவையிலும் இதை இப்போதே சேர்த்து, நேர்முகப் பரீட்சைக்குப் புதிய பிரதியைக் கொண்டுசெல்லுங்கள். குடும்பக் கடை என்பதை ஒளிக்காமல், காலத்தையும் செய்த வேலையையும் எழுதுங்கள். கடையின் கடிதத்தாளில் மாமா கையொப்பமிட்ட ஓர் உறுதிப்படுத்தல் கடிதம் இருந்தால் நல்லது. ஆனால், உங்களைப் பற்றி விசாரித்தறிய நீங்கள் தரும் இருவரும் உறவினராக இருக்கக்கூடாது என்பதால், அங்கே மாமாவின் பெயர் பொருந்தாது. உங்கள் விரிவுரையாளர் ஒருவரையும், கடைக்குப் பொருள் வழங்கிய நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி உங்களை நன்கு அறிந்திருந்தால் அவரையும் முற்கூட்டியே சம்மதம் கேட்டுக் குறிப்பிடலாம்.

ஆங்கிலத்தைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. கொழும்பில் தனியார் நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. பேச்சு ஆங்கில வகுப்புக்குப் போவது நல்லதுதான். அது முடியும் வரை விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லதல்ல. உங்களுக்கு உடனடியாக வேண்டியது உங்கள் வேலையைச் சொல்வதற்கான ஆங்கிலம். உயர்தரத்தில் பரீட்சை மீதி, வங்கி இணக்கக் கூற்று, பெறுமானத் தேய்வு, கடன்கொடுத்தோர் என்று தமிழில் படித்தவற்றின் ஆங்கிலப் பெயர்களைப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் கண்ணால் வாசித்திருப்பீர்கள். பரீட்சைத்தாளில் எழுதியும் இருப்பீர்கள். வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். முன்பு எழுதிய சம்பவங்களை அந்தப் பெயர்களோடு, சிறிய வசனங்களில், சத்தமாகச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். தங்குமிடத்தில் உடனிருக்கும் தோழி ஒருவரைக் கேள்வி கேட்பவராக அமர்த்திக்கொண்டால் இன்னும் நல்லது. கேள்வி விளங்கவில்லை என்றால் மீண்டும் சொல்லும்படி பணிவாகக் கேட்பதில் குறைவொன்றுமில்லை. விளங்காத கேள்விக்கு வேறேதோ பதில் சொல்வதுதான் வாய்ப்பைக் கெடுக்கும். சிங்களம் எவ்வளவு தெரியும் என்று கேட்டால், தெரிந்த அளவை அப்படியே சொல்லி, கற்கத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பாட அறிவையும் ஒருமுறை தூசு தட்டுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. வரியோடு சேர்ந்த விலை 118,000 ரூபா என்றால் அதில் வரி எவ்வளவு என்று கேட்பார்கள். 118,000 இற்கு 18 சதவீதம் போட்டுப் பலர் இங்கே தவறுகிறார்கள்; வரி சேர்க்குமுன் விலை 100,000 ரூபா என்பதால் சரியான விடை 18,000 ரூபா. வங்கிக்கூற்றும் காசேடும் ஏன் வேறுபடும் என்பதற்கு நான்கு காரணங்களாவது உதாரணத்தோடு நாவில் இருக்கட்டும். எக்செல்லில் ஒரு சிறு செய்முறைப் பரீட்சை வைப்பதும் வழக்கம் என்பதால் ஓர் அட்டவணையிலிருந்து வேண்டிய தகவலைத் தேடியெடுக்கும் விலுக்கப் (VLOOKUP), தரவுகளைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் (Pivot Table) இரண்டையும் கை பழகும் வரை செய்து பாருங்கள்.

அந்த இரண்டு ஆண்டுகள் பற்றி: "அப்பாவுக்குப் பாரிசவாதம் ஏற்பட்டதால் அவரைப் பராமரிக்க ஊரில் இருந்தேன், அந்தக் காலத்தில் கடைக் கணக்கையும் பார்த்தேன், இப்போது வீட்டில் அதற்கு ஒழுங்கு செய்துவிட்டதால் முழுநேர வேலைக்கு வர முடியும்" என்று மூன்று வசனங்களில் முடித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். நோயுற்ற தந்தையைப் பார்த்துக்கொண்ட மகள் எதற்காகக் கூச வேண்டும்? கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது, நீங்கள் வேலையில் நிலைத்து நிற்பீர்களா என்பதையே. பெண் பிள்ளைகளிடம் திருமணம் எப்போது என்று கேட்கும் வழக்கமும் இங்கே இன்னும் இருக்கிறது. வேலைக்குத் தொடர்பில்லாத அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இருந்தாலும் அந்த அறையில் கோபப்பட்டுப் பயனில்லை. "இந்தப் பதவியில் நீண்டகாலம் இருந்து கணக்கியல் தொழிற்பரீட்சைகளையும் முடிக்கும் எண்ணத்தோடு வந்திருக்கிறேன்" என்று பேச்சை வேலைக்கே திருப்புங்கள்.

சம்பளத்தைக் கேட்டால் "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர்கள், தன் கணக்கையே போட்டுப் பார்க்காதவர் என்று நினைக்கக்கூடும். இதே பதவியில் இருக்கும் பல்கலைக்கழகத் தோழர்களிடமும் வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் விசாரித்து, உங்கள் தங்குமிட வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் தீர்மானித்துக்கொண்டு போங்கள். அவர்கள் ஒரு தொகையைச் சொன்னால், அது அடிப்படைச் சம்பளமா, படிகளும் சேர்ந்ததா, கழிவுகளுக்கு முன்னரா பின்னரா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும். நிறுவனம் தன் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்தவேண்டும். கணிப்புக்குரிய சம்பளம் 60,000 ரூபா என்றால் 4,800 ரூபா கழிந்து 55,200 ரூபாவே கையில் வரும். நிறுவனம் 7,200 ரூபாவையும் 1,800 ரூபாவையும் மேலதிகமாகச் செலுத்தும். இந்தக் கணக்கு உங்களுக்காகவும் தேவை. கணக்குப் பிரிவு நேர்முகத்தில் கேள்வியாகவும் வரலாம்.

நிறுவனத்தைப் பற்றி முன்கூட்டியே வாசியுங்கள். கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், அதன் ஆண்டறிக்கையை பரிவர்த்தனையின் இணையத்தளத்தில் இலவசமாகவே பெறலாம். அதில் வியாபார வருமதிகள், அதாவது வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய கடன்கள், பற்றிய குறிப்பை மட்டும் கவனமாக வாசித்தாலும், கடன் வசூல் பற்றி அறிவோடு ஒரு கேள்வி கேட்க முடியும். பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால், மாமாவின் கடை அதன் பொருளை விற்கிறதா, எந்தத் தவணையில் கடன் தருகிறார்கள் என்று அவரிடம் கேட்டறியுங்கள். உடை எளிமையாக, தோய்த்து அழுத்தியதாக இருந்தால் போதும். மூலச் சான்றிதழ்களையும் பிரதிகளையும் அடையாள அட்டையையும் முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள். காலை வேளையில் காலி வீதி பஸ்ஸை நம்புவதைவிட, வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஏறி, பம்பலப்பிட்டியும் கொள்ளுப்பிட்டியும் கடந்து கொம்பனித்தெருவில் இறங்கினால் யூனியன் பிளேஸ் பக்கம்தான். ஆனால் அலுவலக நேர ரயிலில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால், வேண்டியதற்கு ஒரு ரயில் முந்தியே புறப்படுங்கள்.

வீடு திரும்பியதும் கேட்கப்பட்ட கேள்விகளையும் நீங்கள் தடுமாறிய இடங்களையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள். முடிவை அறிவிப்பதாகச் சொன்ன நாள் கடந்தும் தகவல் வராவிட்டால், மனிதவளப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துக் கேட்கலாம். நியமனக் கடிதம் வந்தால், பதவி, சம்பளமும் படிகளும், தகுதிகாண் காலம், வேலை நேரம் ஆகியவை அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமும் ஆகும். வாய்மொழியாகச் சொன்ன ஏதாவது கடிதத்தில் விடுபட்டிருந்தால், அதைச் சேர்த்துத் தரும்படி கேட்டுப் பெற்ற பின்பே கையொப்பமிடுங்கள்.