பட்டறைப் பக்கம்: பழைய மிலிட்டரி வண்டி ஸ்பெஷல் கேள்வி பதில்

எங்க ஊர் எஸ்டேட் ஒண்ணுல ஜீப் விலைக்கு வருது. 1944 வில்லிஸ், பர்மா சண்டைக்குப் போய்ட்டு வந்த வண்டின்னு ஓனர் சத்தியம் பண்றார். ஆறு லட்சம் கேக்குறார். பேனட்ல வெள்ளை ஸ்டார் எல்லாம் இருக்கு. நம்பலாமா?
(வாசகர், போடிநாயக்கனூர்)

ஸ்டாரைப் பாத்தெல்லாம் நம்பாதீங்க தம்பி, ஒரு ஸ்டென்சிலும் கால் லிட்டர் வெள்ளைப் பெயிண்டும் இருந்தா எந்த வண்டியும் சாயங்காலத்துக்குள்ள போருக்குப் போய்ட்டு வந்துடும். டேஷ்போர்டுல இருக்கற பித்தளை பிளேட்டையும் நம்ப வேணாம், அது புதுசாவே அச்சடிச்சு ஆன்லைன்ல விக்கிறான். டேப் எடுத்து வீல்பேஸ், அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல உள்ள தூரம், அளந்தும் பிரயோஜனம் இல்ல, ஒரிஜினல் யுத்த கால ஜீப்பும் 80 இன்ச்தான், மஹிந்திரா பல வருஷம் போட்ட சிஜே3பி ஜீப்பும் 80 இன்ச்தான்.

நீங்க செய்ய வேண்டியது, ஒரு பழைய லுங்கிய விரிச்சு டார்ச்சோட வண்டிக்கு அடியில போய் படுக்கறது. ரேடியேட்டருக்குக் கீழ, சேஸிஸ் ரெண்டு பக்கத்தையும் சேக்கற முன் கிராஸ் மெம்பர் உருண்டையான பைப்பா இருந்தா வில்லிஸ் எம்பி, கவுத்துப் போட்ட ‘ப’ மாதிரி பட்டையா இருந்தா அது ஃபோர்டு கம்பெனி அதே டிசைன்ல பண்ணின ஜிபிடபிள்யூ. ஆமா, யுத்த சமயத்துல ஒரே ஜீப்பை ரெண்டு கம்பெனி பண்ணாங்க, ரெண்டும் சேந்து கிட்டத்தட்ட 6,40,000 வண்டி. ஃபோர்டுக்காரன் தன்னோட பார்ட்ஸ்ல எல்லாம், போல்ட் தலையில கூட, ‘எஃப்’னு ஒரு எழுத்து குத்திருப்பான், துருவைச் சுரண்டிப் பாருங்க. அப்புறம் முன்னாடி கிரில், ஒன்பது ஓட்டை இருக்கணும், ஏழு இருந்தா அது யுத்தத்துக்கு அப்புறம் வந்த சிவில் ஜீப்போட முகம். ஹெட்லைட்டுக்குப் பின்னாடி ஒரு விங் நட் இருக்கும், அதை லூஸ் பண்ணா லைட்டையே திருப்பி இன்ஜின் மேல வெளிச்சம் அடிக்கலாம், ராத்திரியில ரிப்பேர் பாக்க அப்படி ஒரு ஏற்பாடு. பின்னாடி திறக்கற டெயில் கேட் கிடையாது, ஸ்டெப்னி அந்தப் பின் பக்கத் தகட்டுலயேதான் தொங்கும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில.

இன்ஜினுக்கு வந்தா, பேனட்டைத் தூக்குங்க. தலை தட்டையா, பிளக் நாலும் மேல நட்டுக்கிட்டு, ராக்கர் கவர்ங்கற மேல்மூடி இல்லாம இருந்தா அது பழைய 60 குதிரை சக்தி எல்-ஹெட் இன்ஜின். மேல ராக்கர் கவர் இருந்தா சிஜே3பி-ல வந்த எஃப்-ஹெட், அந்த உயரமான இன்ஜினை அடக்கத்தான் மஹிந்திராவுக்கு அவ்ளோ உசந்த பேனட். ஆனா உங்க பக்கத்து எஸ்டேட் ஜீப்ல இது ரெண்டுமே இருக்காது, டீசல்தான் இருக்கும், மலைக்கு ஏலக்கா மூட்டையும் ஆளையும் ஏத்திட்டுப் போற வண்டிக்கு பெட்ரோல் ஊத்தி யாருக்குக் கட்டுப்படியாகும்? அதனால இன்ஜின் மாறிருக்குன்னு மட்டும் வெச்சு வண்டியத் தள்ளிடாதீங்க, சேஸிஸ்தான் முக்கியம். இன்னொண்ணு, ஹரியானால மண்டி டப்வாலினு ஒரு ஊர், அங்க ஜீப் பாடி கட்டறது குடிசைத் தொழில் மாதிரி நடக்குது, தட்டை பேனட்டும் ஒன்பது ஓட்டை கிரிலும் போட்டுக் குடுத்துடுவாங்க. கிரில் சரியா இருந்து அடியில கிராஸ் மெம்பர் தப்பா இருந்தா விஷயம் புரிஞ்சுடும்.

மஹிந்திராவா இருந்தாலும் கேவலம் இல்ல, நல்ல வண்டிதான், ஆனா மஹிந்திரா விலை குடுங்க. பர்மா கதைக்குத் தனியா காசு கேட்டா பர்மா பேப்பரைக் கேளுங்க.

என் ஜீப்பை ஒரிஜினல் ஆலிவ் கிரீன்ல அடிக்கணும், எந்த ஷேட் சரி?
(வாசகர், கோயம்புத்தூர்)

ஷேடுக்கு முன்னாடி சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121 என்ன சொல்லுதுன்னா, ஆலிவ் கிரீன் கலர் பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான். ரோட்டுல அந்தக் கலர்ல நிறையப் பேர் ஓட்டறாங்களேன்னு கேப்பீங்க, ஓட்டறாங்க, செக் போஸ்ட்ல நிக்கவும் செய்யறாங்க. மேல் நோக்கி அம்புக்குறி போட்ட மிலிட்டரி நம்பரை பம்பர்ல எழுதறது அதை விட மோசம், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இதுக்கு வழி இல்லாம இல்ல. யுத்த காலத்துல எல்லா வண்டியும் பச்சை இல்ல. வட ஆப்பிரிக்காவுல நம்ம 4வது இந்திய டிவிஷன் சண்டை போட்டப்ப பாலைவனத்துக்கு ஏத்த மணல் கலர்தான், 1942-ல இருந்து ரெண்டு வருஷம் போல பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஒரு மங்கின பிரவுன் ஓடிச்சு. மணல் கலர் அடிங்க, சரித்திரப்படியும் சரி, அந்த விதியிலயும் மாட்டாது. எதுவா இருந்தாலும் மேட் ஃபினிஷ்ல அடிங்க, பளபளன்னு கிளியர் கோட் போட்டா கல்யாண ஊர்வல வண்டி ஆயிடும்.

நான் ராணுவத்துல சக்திமான் லாரி ஓட்டினவன். இப்ப பென்ஷன்ல இருக்கேன். ஒரு சக்திமான் வாங்கி சரி பண்ணி வெச்சுக்கணும்னு ஆசை. எங்க, எப்படி?
(முன்னாள் ராணுவ வீரர், திருநெல்வேலி)

ஐயா, வணக்கம். உங்களுக்கு நான் வண்டியப் பத்திச் சொல்ல என்ன இருக்கு, இருந்தாலும் மத்த வாசகர்களுக்காக: ஜெர்மனியோட எம்ஏஎன் கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கி, 1950-கள் கடைசியில ஜபல்பூர் கன் கேரேஜ் ஃபேக்டரியில ஆரம்பிச்ச லாரி அது, பிறகு அதே ஊர் வெஹிக்கிள் ஃபேக்டரிக்குப் போய் 90-கள் வரைக்கும் வந்துது. 65, 71 ரெண்டு சண்டையிலயும் சரக்கும் ஆளும் ஏத்தின வண்டி. அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு வந்த ஸ்டாலியன் நம்ம எண்ணூர் அசோக் லேலண்டோடது.

வண்டியத் தேடறதுக்கு முன்னாடி பேப்பரைத் தேடுங்க. ராணுவம் கழிச்சு விட்ட வண்டிய சிவில்ல ரிஜிஸ்டர் பண்ண ஃபார்ம் 21 விற்பனைச் சான்றிதழ் ஒரிஜினல் வேணும், சம்பந்தப்பட்ட அதிகாரி குடுத்தது. ஏலத்துல நேரா எடுத்தா அது கையில வரும். காயலான் கடையில, இல்ல மூணு கை மாறின ஆள்கிட்ட வாங்கினா ‘பேப்பர் அப்புறம் தர்றேன்’பாங்க, அந்த அப்புறம் வரவே வராது. அப்படிப்பட்ட வண்டி தோட்டத்துல நிறுத்தி அழகு பாக்கத்தான். டிஸ்போசல் ஏலம் இப்ப மத்திய அரசு ஏல நிறுவனமான எம்எஸ்டிசி-யோட இணையதளத்துல நடக்குது, ஒத்த வண்டியா விடாம லாட்டா விடுவாங்க, அதனால ரெண்டு மூணு பேர் சேந்து எடுக்கறதுதான் நடைமுறை.

50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நம்பர்ல ‘விஏ’ வரும், முதல் தடவை 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபடி பதிய 5,000. ஆனா அது சொந்த உபயோக டூ வீலர், ஃபோர் வீலருக்கு எழுதின விதி, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்கன்னு மட்டும்தான் ரோட்டுக்கு எடுக்கலாம், தினம் மார்க்கெட் போய்ட்டு வர முடியாது. லாரிய அதுல சேப்பாங்களான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க ஆர்டிஓ-கிட்ட எழுத்து மூலமா கேட்டு வாங்கிடுங்க ஐயா.

ஒரு யோசனை, கோச்சுக்கக் கூடாது: லாரிக்குப் பதிலா, அதை விடச் சின்ன ராணுவ வண்டிகளான நிஸான் ஒன் டன், இல்லைன்னா ஜோங்கா பாருங்களேன். அதுவும் ஜபல்பூர் பிள்ளைங்கதான், வீட்டு ஷெட்டுல நிக்கும். ஜோங்காவோட மவுசு இப்ப ஏறிடுச்சு, அதனால ஒன் டன்னே உத்தமம்.

அப்பா வாங்கிப் போட்ட நிஸான் ஒன் டன், பெட்ரோல்ல ஓடற வண்டி, பல வருஷமா ஷெட்ல நிக்குது. பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சுப் பாக்கலாமா?
(வாசகர், சேலம்)

ஐயோ வேணாம்! பல வருஷம் நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கு சிலிண்டரோட ஒட்டிப் பிடிச்சிருக்கும், செல்ஃப் அடிச்சா ரிங் உடையும், இல்ல செல்ஃப் மோட்டாரே போகும். முதல்ல ஆறு பிளக்கையும் கழட்டுங்க, ஒவ்வொரு ஓட்டையிலயும் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊத்தற ஏடிஎஃப் ஆயில் கொஞ்சம், அதோட அசிட்டோன் பாதிக்குப் பாதி கலந்து ஊத்திட்டு விட்டுடுங்க, அவசரப்படாதீங்க, நாலஞ்சு நாள் ஊறட்டும், பக்கத்துல பீடி பத்த வைக்காம பாத்துக்கங்க. அப்புறம் ஸ்பேனர் போட்டு கிராங்கைக் கையால மெதுவா முன்னயும் பின்னயும் ஆட்டிப் பாருங்க. அசையலைன்னா மறுபடி ஊத்துங்க. அசைஞ்சுட்டா பழைய ஆயிலை முழுசா இறக்கி, சம்ப்பை, அதான் இன்ஜினுக்குக் கீழ இருக்கற ஆயில் தொட்டியை, கழட்டி அடியில தேங்கின கருப்புச் சேறை வழிச்சு எடுத்துட்டுப் புது ஆயில் ஊத்தி, பிளக் இல்லாமலே கையால பல சுத்து சுத்தி, அப்பத்தான் செல்ஃப்.

பெட்ரோல் டேங்கை தொடக் கூடாது, பழைய டேங்க் உள்ள வார்னிஷ் மாதிரி படிஞ்சு கிடக்கும், ஒரு சின்ன கேனைத் தொங்க விட்டு நேரா கார்பரேட்டருக்கு லைன் குடுங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் டயஃப்ரமும் ஹோஸும் அதுல ஊறி கூழாயிடும், பெட்ரோல் பம்ப் கிட்டை மாத்தாம வெச்சிருந்தீங்கன்னா சூடான சைலன்சர் மேல ஒழுகும்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி பிரேக். எல்லாரும் இன்ஜின் சத்தம் கேக்கணும்னு துடிக்கறாங்க, நிக்காத வண்டி ஸ்டார்ட் ஆகி என்ன பண்ண? வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், எல்லாம் புதுசு. அந்த சைஸ் வாஷர் கிடைக்கலைன்னா பழைய சிலிண்டரைத் தூக்கிட்டு சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை போங்க, இல்லைன்னா கோயம்புத்தூர் லேத்ல ஸ்லீவ் போட்டுக் குடுப்பாங்க.

அண்ணை, நான் ஸ்காபரோவில இருக்கிறன். பக்கத்துப் பண்ணையில ஒரு பழைய செவர்லே ஆமி ட்றக் நிக்குது. மூஞ்சி சப்பையா இருக்கு, ஸ்டியரிங் வலப்பக்கம். கனடாவில ஏன் வலப்பக்கம்? வாங்கலாமோ?
(வாசகர், ரொறன்ரோ)

ஆஹா, தம்பிக்கு அதிர்ஷ்டம்! அது சிஎம்பி, கனடியன் மிலிட்டரி பேட்டர்ன். பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும்னு கனடா பண்ணின டிசைன், அதான் வலப்பக்க ஸ்டியரிங், ஊர்ல ஓட்டிப் பழகின உங்களுக்கு சௌகரியம்தானே. செவர்லே உங்களுக்குப் பக்கத்துல இருக்கற ஒஷாவாலயே, ஃபோர்டு விண்ட்சர்ல, ரெண்டும் சேந்து நாலு லட்சம் வண்டிக்கு மேல. முன் கண்ணாடி கீழ் நோக்கி சாஞ்சிருக்கா பாருங்க, வெயில் பட்டு மின்னி மேல பறக்கற விமானத்துக்குக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அப்படி, அது 1941 கடைசியில இருந்து வந்த 13ஆம் நம்பர் கேப். சி60-னு பேர் இருந்தா சி-ன்னா செவர்லே, 60-ன்னா 60 ஹண்ட்ரட்வெயிட் பாரம், அதாவது 3 டன். இதே வண்டிங்க யுத்தம் முடிஞ்சதும் இந்தியாவுல ஏலத்துல போய் லாரியா பஸ்ஸா ஓடிச்சு, மியான்மர்ல தேக்கு மரம் இழுக்க ரொம்ப காலம் ஓட்டினாங்க.

வாங்கலாம். ஆனா ஒரு விஷயம் கவனமா படிங்க. இந்த வண்டிகள்ல நிறையத்துக்கு ரிம் ஒரே பீஸ் இல்ல, ரெண்டு பாதியா செஞ்சு நட்டு போட்டு முறுக்கி வெச்சிருக்கும். நடுவுல ஹப்கிட்ட இருக்கற வட்டத்து நட்டு வீலைக் கழட்ட, அதுக்கு வெளிய இருக்கற வட்டத்து நட்டு அந்த ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிக்க. டயர்ல காத்து இருக்கறப்ப வெளிவட்டத்தைக் கழட்டினீங்கன்னா ரிம்மோட ஒரு பாதி பீரங்கிக் குண்டு மாதிரி வெடிச்சு வரும், ஆள் பிழைக்கறது கஷ்டம். பிரிட்டிஷ் ராணுவத்துல அந்த நட்டுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் அடிச்சு வெப்பாங்க. உங்க வண்டியில 80 வருஷத்துல அந்த சிவப்பு எப்பவோ போயிருக்கும். அதனால வால்வ் பின்னைக் கழட்டி காத்து மொத்தமும் போன பிறகுதான் ஸ்பேனர், திரும்ப காத்து அடிக்கறப்ப இரும்புக் கூண்டுக்குள்ள வெச்சு நீளமான ஹோஸ்ல தள்ளி நின்னு.

சனிக்கிழமை ஒரு நாள் ஒஷாவால இருக்கற ஒன்டாரியோ ரெஜிமென்ட் மியூசியம் போய்ட்டு வாங்க. அங்க பழைய ராணுவ வண்டிகளை ஓடற கண்டிஷன்ல வெச்சிருக்காங்க, வேலை பாக்கறது தன்னார்வலர்கள். வாங்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேச்சு குடுத்துப் பாருங்க, உங்க பண்ணை வண்டியப் பாக்க அவங்களே கிளம்பி வந்தாலும் வரலாம்.

என் வீட்டுக்காரர் வாசல்ல ஒரு துருப்பிடிச்ச ஜீப்பை நிறுத்தி வெச்சிருக்கார். ‘இன்வெஸ்ட்மென்ட்’ங்கறார். உண்மையா?
(வாசகி, ஈரோடு)

இல்ல அக்கா. போட்ட காசுல பாதி திரும்ப வந்தா பெரிசு. ஆனா ஞாயித்துக்கிழமை அவர் எங்க இருக்கார்னு உங்களுக்கு எப்பவும் தெரியும், அதுக்கு ஒரு விலை உண்டுதானே.

காலேஜ் படிக்கிறேன். இந்த வண்டிங்கன்னா உயிர், கையில காசு இல்ல. எங்க ஆரம்பிக்கறது?
(வாசகி, மதுரை)

காசு இல்லாம ஆரம்பிக்கறதுதான்மா நல்லது. யுத்த கால ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் 1944-ல போட்ட டெக்னிக்கல் மேனுவல் டிஎம் 9-803, ஜிஎம்சி ஆறு வீல் லாரிக்கு டிஎம் 9-801, ரெண்டும் இணையத்துல இலவசமா இறங்குது. வண்டியே பாக்காத கிராமத்துப் பையன் கையில குடுத்து வேலை வாங்கணும்னு எழுதின புத்தகம், அதனால படமும் விளக்கமும் அவ்ளோ தெளிவு, எந்த நிப்பிள்ல (கிரீஸ் ஏத்தற முனை) எத்தனை மைலுக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்கணும்னு வரைக்கும் இருக்கும். படிச்சுட்டு உங்க ஊர்ல பழைய ஜீப் வேலை பாக்கற பட்டறையத் தேடிப் போய் லீவு நாள்ல நிக்கறேன்னு கேளுங்க. முதல்ல ‘பொம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை’ம்பாங்க. கிரீஸ் கன்னை எடுத்து, புக்குல போட்ட அத்தனை நிப்பிளையும் ஒண்ணு விடாம அடிச்சுக் காட்டுங்க, பட்டறையில பாதிப் பேருக்கு ஸ்பிரிங் ஷேக்கிள் நிப்பிள் எங்க இருக்குன்னே தெரியாது.